காரோட ரேடியேட்டர் ஃபேன் கொஞ்சம் முன்னாடியே ஓடணும்னா என்ன பண்ணலாம்? ஆரம்பத்துலேர்ந்து ஒரு விளக்கம்

சிக்னல்ல நிக்கிறோம், வெயில் மண்டையைப் பொளக்குது, டெம்பரேச்சர் முள்ளு பாதியைத் தாண்டி மெதுவா மேல ஏறுது, ஃபேன் இன்னும் ஓடல. இன்னும் கொஞ்சம் ஏறினதும்தான் விர்ர்னு சத்தம் கேக்குது, அப்பதான் நமக்கு மூச்சே வருது. பழைய சின்ன கார் வெச்சிருக்கிறவங்க நிறைய பேருக்கு இது நல்லாத் தெரியும். மெக்கானிக்கிட்ட சொன்னா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், "ஃபேனை டைரக்ட் பண்ணி விட்டுடலாம் சார்". அதாவது சாவி போட்டதும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், வண்டி ஆஃப் ஆகுற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்.

அதைப் பண்றதுக்கு முன்னாடி இந்த ஃபேன் எப்படி, எப்போ, யார் சொல்லி ஓடுதுன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா நல்லது. ஃபேனை முன்னாடியே ஓட வைக்கிறது கஷ்டமான வேலை இல்ல, ஆனா எவ்வளவு முன்னாடின்னு ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லையை வைக்கிறது ஃபேன் இல்ல, தெர்மோஸ்டாட். இந்த ஒரு விஷயம் பிடிபட்டா மிச்சம் எல்லாம் தானா விளங்கிடும்.

முதல்ல சூடு எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம். நாம போடுற பெட்ரோல்ல இருக்கிற சக்தியில சுமாரா மூணுல ஒரு பங்கு சூடா மாறி இன்ஜினைச் சுத்தி ஓடுற கூலன்ட்டுக்குள்ள போகுது. வாட்டர் பம்ப் அந்தக் கூலன்ட்டைச் சுத்த விடும், ரேடியேட்டர் அந்தச் சூட்டைக் காத்துல விடும். வண்டி அறுபது எழுபதுல போகும்போது முன்னாடிலேர்ந்து வர்ற காத்தே போதும், அப்ப ஃபேன் ஓடணும்னு அவசியமே இல்ல. நின்னுட்டாலோ, ஊர்ந்து போனாலோ காத்து வராது, அந்த நேரத்துக்குத்தான் ஃபேன்.

அம்பாசிடர், பத்மினி எல்லாம் ஓட்டினவங்களுக்கு இந்தப் பிரச்சினை வேற மாதிரி இருந்திருக்கும். அதுல இன்ஜின் நீளவாக்குல இருக்கும், ஃபேன் பெல்ட்டுலேயே சுத்தும், இன்ஜின் ஓடினா ஃபேனும் ஓடும், ஆனா ஐடில்ல மெதுவாத்தான் சுத்தும், சரியா நமக்குக் காத்து அதிகம் வேணும்ங்கிற நேரத்துல அது கம்மியாத் தரும். 1983 கடைசியில மாருதி 800 வந்தப்ப இன்ஜின் குறுக்குவாக்குல உக்காந்துது, பெல்ட்டு இருக்கிற பக்கம் வண்டியோட பக்கவாட்டைப் பாத்து இருக்கும், ரேடியேட்டரோ முன்னாடி. அதனால பெல்ட்டு வெச்சு ஃபேனைச் சுத்த முடியாது, கரண்ட்ல ஓடுற மோட்டார்தான் வழி. முன்சக்கரம் இழுக்குற கார்கள் பெரும்பாலானதுல எலக்ட்ரிக் ஃபேன் வந்ததுக்கு முக்கியமான காரணம் இதுதான். கூடவே ஒரு லாபமும் கிடைச்சுது, வேணும்ங்கிறப்ப மட்டும் ஓடும், இன்ஜின் ஐடில்ல இருந்தாலும் முழு வேகத்துல ஓடும்.

இப்ப தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். இது ஒரு சின்ன வால்வு, உள்ள மெழுகு இருக்கும், கூலன்ட் சூடானதும் மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளித் திறக்கும். அது மேலேயே 82 இல்லேன்னா 88னு ஒரு நம்பர் பொறிச்சிருக்கும், சில வண்டிகள்ல வேற நம்பரும் வரும். அந்த டிகிரியில அது திறக்க ஆரம்பிக்குது, அவ்வளவுதான், முழுசாத் திறக்க இன்னும் பத்துப் பதினஞ்சு டிகிரி ஆகும். அது மூடியிருக்கிற வரைக்கும் கூலன்ட் இன்ஜினுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், ரேடியேட்டர் பக்கம் போகாது. வேணும்னுதான் இப்படிப் பண்ணியிருக்காங்க. இன்ஜின் சீக்கிரம் சூடாகணும், 85, 90 டிகிரி கிட்ட நிக்கணும், அப்பதான் ஆயில் சரியான பதத்துல ஓடும், பெட்ரோல் ஒழுங்கா ஆவியாகும், ஆயில்ல கலக்குற ஈரம் ஆவியாகி வெளியே போகும், மைலேஜும் கிடைக்கும். ஜில்லுன்னு இருக்கிற இன்ஜின்தான் நல்ல இன்ஜின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, குறைஞ்ச சூட்டுல தொடர்ந்து ஓடுற இன்ஜின் சீக்கிரம் தேயும், பெட்ரோலையும் குடிக்கும்.

ஃபேன் ஸ்விட்ச் இதுக்கு மேல ஒரு படி. தெர்மோஸ்டாட் திறந்து, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போயும் சூடு இறங்கலேன்னா அப்ப ஃபேன் வரணும். அதனால கம்பெனிக்காரங்க ஃபேன் ஓட ஆரம்பிக்கிற சூட்டைத் தெர்மோஸ்டாட்டோட நம்பருக்கு மேலதான் வைப்பாங்க, பல வண்டிகள்ல 95லேர்ந்து 100க்குள்ள இருக்கும், சில புது வண்டிகள்ல அதுக்கும் மேல. ஓட ஆரம்பிக்கிறது ஒரு நம்பர், நிக்கிறது இன்னொரு நம்பர், ரெண்டுக்கும் நடுவுல சில டிகிரி இடைவெளி விட்டிருப்பாங்க. அயர்ன் பாக்ஸ்ல லைட்டு அணைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப எரியுதே, அதே கதைதான். இடைவெளி இல்லேன்னா 95ல ஓடி 94.9ல நின்னு திரும்ப ஓடின்னு ரிலே (சின்ன கரண்ட்டை வெச்சுப் பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்துற ஸ்விட்ச்) டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், சீக்கிரமே கருகிடும்.

ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்போட ரெண்டாவது, மூணாவது தலைமுறை வண்டிகள்ல ரேடியேட்டர்லயே மூணு பின் இருக்கிற ஒரு ஸ்விட்ச் திருகியிருக்கும். கூலன்ட் 92லேர்ந்து 97க்குள்ள வரும்போது முதல் ஸ்பீடு ஓடும், 84லேர்ந்து 91க்குள்ள இறங்கும்போது நிக்கும். அப்படியும் அடங்காம 99லேர்ந்து 105க்குள்ள போச்சுன்னா ரெண்டாவது ஸ்பீடு. "இந்த டிகிரிலேர்ந்து இந்த டிகிரிக்குள்ள"ன்னு ஏன் சொல்றாங்கன்னா உள்ள இருக்கிறது ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு தகடு, சூடானா வளைஞ்சு காண்டாக்ட்டைத் தொடும், ஒவ்வொரு ஸ்விட்ச்சும் நாலஞ்சு டிகிரி முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். அதனால உங்க வண்டியும் உங்க நண்பரோட அதே மாடல் வண்டியும் ஒரே டிகிரியில ஃபேன் போடணும்னு இல்ல.

இந்த மாதிரி ரேடியேட்டர்ல ஸ்விட்ச் இருக்கிறது பழைய முறை. இன்னைக்கு ரோட்டுல இருக்கிற பெரும்பாலான கார்கள்ல ஸ்விட்ச்சே கிடையாது, இன்ஜின்ல ஒரு டெம்பரேச்சர் சென்சார் இருக்கும், அது இ.சி.யு.வுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு, சூட்டைச் சொல்லும், இ.சி.யு. ரிலேயைப் போடும், ரிலே ஃபேனைப் போடும். இதுல எது உங்க வண்டின்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் வழி வேற வேற.

சரி, முன்னாடியே ஓட வைக்கிறதுன்னா எவ்வளவு முன்னாடி? உங்க தெர்மோஸ்டாட் 82ன்னு வெச்சுக்குங்க. ஃபேனை 80ல ஓட வெச்சா என்ன ஆகும்? தெர்மோஸ்டாட் மூடியிருக்கு, ரேடியேட்டருக்குச் சுடு தண்ணியே போகல, அப்பவே ஃபேன் ஓட ஆரம்பிச்சிடும். சரி, எப்ப நிக்கும்? நிக்கவே நிக்காது. ஏன்னா இன்ஜின் 82க்குக் கீழ இறங்கப் பாத்தா தெர்மோஸ்டாட் மூடிக்கும், திரும்பச் சூடாகும். ஃபேன் எவ்வளவு வேகமா ஓடினாலும் தெர்மோஸ்டாட் விடுற அளவுக்குக் கீழ இன்ஜினைக் குளிர வைக்க முடியாது. அதனால உருப்படியான இடம் தெர்மோஸ்டாட் நம்பருக்கும் கம்பெனி வெச்ச ஃபேன் நம்பருக்கும் நடுவுல இருக்கிற சின்ன சந்து மட்டும்தான், 82 தெர்மோஸ்டாட்டுக்கு 90, 92ல ஓடி 86, 87ல நிக்கிற மாதிரி வெச்சா சரியா இருக்கும். 88 தெர்மோஸ்டாட்டா இருந்தா 95, 96க்குக் கீழ வைக்கிறதுல அர்த்தமே இல்ல. நிக்கிற நம்பர் எப்பவும் தெர்மோஸ்டாட் திறக்கிற நம்பருக்கு மேல இருக்கணும், இதை மட்டும் மறந்துடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் ரேடியேட்டர்ல கூலன்ட் வெளியே போற பக்கம் இருந்தா அது பாக்குறது ஏற்கெனவே ஆறின கூலன்ட். அதுல 92ன்னா இன்ஜின்ல நூறைத் தாண்டியிருக்கலாம். இன்ஜின் பக்க நம்பரையும் ரேடியேட்டர் பக்க நம்பரையும் நேரா ஒப்பிடாதீங்க.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் நான் கேக்குறது, ஃபேன் நிஜமாவே லேட்டாத்தான் ஓடுதா? டாஷ்போர்டு முள்ளை நம்பாதீங்க. நிறைய கார்கள்ல அந்த முள்ளு 75, 80லேர்ந்து 100, 105 வரைக்கும் நடுவுலயே அசையாம நிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, ஓட்டுறவர் பயப்படக் கூடாதுன்னு. இப்பல்லாம் பல சின்ன கார்ல முள்ளே கிடையாது, நீல லைட்டு, சிவப்பு லைட்டு மட்டும்தான். ஓ.பி.டி. சாக்கெட் (இ.சி.யு. சொல்றதைப் படிக்கிறதுக்கான சாக்கெட்) இருக்கிற வண்டின்னா ஒரு சின்ன ப்ளூடூத் ரீடர் வாங்கி மொபைல்ல ஆப் போட்டா கூலன்ட் சூடு டிகிரியிலேயே தெரியும். ஏசியை ஆஃப் பண்ணிட்டு, வண்டியை நிறுத்தி ஐடில்ல விட்டு, ஃபேன் எந்த டிகிரியில ஓடுது, எதுல நிக்குதுன்னு குறிச்சு வெச்சுக்குங்க. 97ல ஓடி 92ல நின்னுதுன்னா உங்க வண்டிக்கு ஒரு நோவும் இல்ல, அது அப்படித்தான் ஓடணும். ஏசியை ஆஃப் பண்ணச் சொன்னதுக்குக் காரணம், ஏசி போட்டா கண்டன்ஸரைக் குளிர வைக்கிறதுக்காகவே பல வண்டிகள்ல ஃபேன் ஓட ஆரம்பிச்சிடும், கூலன்ட் சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இல்ல, 105 தாண்டியும் ஓடலேன்னா, இன்னும் மேல நம்பர் வெச்ச புது வண்டியா அது இல்லாத பட்சத்துல, அங்க ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு. அதைக் கண்டுபிடிக்காம ஸ்விட்ச் மாத்துறது, ஃபேனை டைரக்ட் பண்றது எல்லாம் நோயை மூடி வைக்கிற வேலை. இந்த இடத்துலதான் ஆரம்பத்துல இருக்கிறவங்க நிறைய காசு விடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ரெண்டு ஸ்பீடு ஃபேன் இருக்கிற வண்டிகள்ல முதல் ஸ்பீடுக்குன்னு ஃபேன் கூட்டுலேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது எரிஞ்சு போச்சுன்னா முதல் ஸ்பீடு செத்துடும், ரெண்டாவது மட்டும் வேலை செய்யும். பாக்குறவங்களுக்கு என்ன தோணும்? ஃபேன் ரொம்ப லேட்டா வருது, வந்தா பயங்கர சத்தத்தோட வருது. இதைத்தான் பல பேர் ஸ்விட்ச் கோளாறுன்னு நினைச்சு ஸ்விட்ச்சா மாத்திக்கிட்டு இருக்காங்க. ஏசி போட்டதும் ஃபேன் மெதுவா ஓடணும், ஓடலேன்னா முதல்ல ரெசிஸ்டரைப் பாருங்க.

அடுத்தது கூலன்ட் குறையிறது. ஸ்விட்ச்சோ சென்சாரோ கூலன்ட்டுல முங்கி இருக்கணும். அளவு குறைஞ்சோ, உள்ள காத்து மாட்டி ஏர் லாக் ஆகியோ அது காத்துல நின்னுச்சுன்னா இன்ஜின் கொதிச்சுக்கிட்டு இருக்கும், சென்சார் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கும். ஃபேன் ஓடாம முள்ளும் ஏறாம வண்டி பொகையிற கேஸ் எல்லாம் இப்படித்தான் வருது.

தெர்மோஸ்டாட் மூடின நிலையிலேயே மாட்டிக்கிட்டாலும் இதே மாதிரி ஒண்ணு நடக்கும். ரேடியேட்டர்ல ஸ்விட்ச் இருக்கிற வண்டியில இன்ஜின் சூடாகும், ஆனா ரேடியேட்டர் பச்சைத் தண்ணியா இருக்கும், ஸ்விட்ச்சுக்குச் சூடே தெரியாது, ஃபேன் ஓடாது. நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தி, ஃபேன் பிளேடுகிட்ட கை போகாம, கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, அது சுத்தமா ஆறிப் போய் இருந்தா சந்தேகம் தெர்மோஸ்டாட் மேலதான். சின்ன கார்களுக்கு அது சில நூறு ரூபாய் சாமான். இதுக்கு மெக்கானிக் சொல்ற இன்னொரு குறுக்கு வழி, "தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டுடலாம், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு". தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க. கழட்டினா இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், ஹைவேல 60, 70 டிகிரியிலேயே ஓடிக்கிட்டு இருக்கும், இ.சி.யு. இன்ஜின் இன்னும் சூடாகலன்னு நினைச்சு பெட்ரோலை அதிகமா ஊத்தும். சில இன்ஜின்கள்ல தெர்மோஸ்டாட் இல்லேன்னா பைபாஸ் வழி (ரேடியேட்டருக்குப் போகாம இன்ஜினுக்கே திரும்புற வழி) மூடாமப் போய் ரேடியேட்டருக்குப் போற கூலன்ட்டே குறைஞ்சு ட்ராஃபிக்ல இன்னும் அதிகமா ஹீட் ஆகும்.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா அதோட ரப்பரும் ஸ்பிரிங்கும்தான் உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வெக்கிறது. 0.9 பார் மூடி ஒழுங்கா இருந்தா கடல் மட்டத்துல வெறும் தண்ணியே 118 டிகிரி கிட்டப் போனாத்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தா இன்னும் மேல. மூடி லீக் ஆச்சுன்னா இந்தப் பாதுகாப்பு போச்சு, தண்ணி 100லேயே கொதிச்சிடும். இப்ப அதே வண்டியை ஊட்டிக்குக் கொண்டு போங்க, 2,200 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஃபேன் ஓட வேண்டியது 95ல. அதாவது வெறும் தண்ணி ஊத்தி, மூடியும் லீக்கா இருக்கிற வண்டி ஊட்டியில ஃபேன் ஓடுறதுக்கு முன்னாடியே கொதிச்சிடும்! மலை ஏறி வந்து நிறுத்தினதும் குபுகுபுன்னு தண்ணி வெளிய தள்ளுற வண்டிகள்ல இதுவும் ஒரு காரணம், பாவம் திட்டு வாங்குறது ஃபேன். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, ரெண்டாவது கியர்ல இன்ஜின் முக்கி முக்கி ஏறும், முன்காத்தும் கிடையாது, அங்க போறதுக்கு முன்னாடி மூடி, கூலன்ட் ரெண்டையும் பாக்காமப் போகாதீங்க. சூடா இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறக்கவே திறக்காதீங்க, அழுத்தம் விட்டதும் 110 டிகிரி தண்ணி அப்படியே ஆவியா மூஞ்சில அடிக்கும்.

காத்து வர்ற வழியையும் பாக்கணும். ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி கண்டன்ஸர் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல மண்ணு, பூச்சி, பஞ்சு எல்லாம் சேந்து கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், முன்னாடிலேர்ந்து பாத்தாத் தெரியாது. மெதுவான தண்ணியில பின்னாடிலேர்ந்து முன்பக்கமாக் கழுவணும், பிரஷர் வாஷ் பக்கத்துல வெச்சு அடிச்சா ஃபின் எல்லாம் மடங்கிடும். ஃபேனைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கூடு உடைஞ்சிருந்தாலோ, ஆக்சிடென்ட் வேலைக்கு அப்புறம் திரும்பப் போடாம விட்டிருந்தாலோ ஃபேன் தன் பிளேடு அளவுக்கு மட்டும்தான் காத்து இழுக்கும், மூலைகள் சும்மா நிக்கும். இன்னொண்ணு, மோட்டார் மாத்தும்போது ரெண்டு வயரை மாத்திக் கொடுத்துட்டா ஃபேன் தலைகீழாச் சுத்தும். ஓடும், சத்தமும் வரும், ஆனா காத்தை முன்னாடி தள்ளும். ஒரு செய்தித்தாள் தாளை முன் கிரில்ல வெச்சுப் பாருங்க, ஒட்டிக்கிட்டு நிக்கணும், பறந்துச்சுன்னா வயர் மாறியிருக்கு.

இதெல்லாம் சரியா இருக்கு, இருந்தாலும் எனக்கு அஞ்சு டிகிரி முன்னாடி வேணும்னு சொல்றீங்களா, நியாயம்தான். ஏப்ரல், மே மாச ட்ராஃபிக்ல தினமும் மணிக்கணக்கா நிக்கிற வண்டிக்கு அது பிரயோஜனம்தான், உச்ச சூடு 98ல நிக்காம 93ல நிக்கும், பானட்டுக்குள்ள இருக்கிற ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் கொஞ்சம் நாள் கூட உழைக்கும்.

ரேடியேட்டர்லயோ இன்ஜின்லயோ தனி ஸ்விட்ச் இருக்கிற வண்டின்னா அதே மரை, அதே பின் இருக்கிற, குறைஞ்ச டிகிரி ஸ்விட்ச் கிடைக்குதான்னு தேடிப் பாருங்க. இதுதான் எல்லாத்தையும் விட சுத்தமான வழி, ஒரு வயரைக் கூட வெட்ட வேண்டாம். சென்னையில ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர் கடைத் தெருவுல பழைய ஸ்விட்ச்சைக் கையில எடுத்துட்டுப் போய்க் காட்டினா மரையை வெச்சுப் பாத்து எடுத்துக் கொடுப்பாங்க, டிகிரி மேலேயே பொறிச்சிருக்கும். வாங்கினதும் வீட்லயே சோதிக்கலாம். தேவையில்லாத ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சு, ஸ்விட்ச்சோட பித்தளை மூக்கு மட்டும் முங்குற மாதிரி கம்பியில கட்டித் தொங்க விட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் விட்டு, ஸ்விட்ச்சோட ரெண்டு பின்லயும் மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில வைங்க. அடுப்பைச் சிம்ல வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா டிக்குனு ஒரு சின்ன சத்தம் வரும், மீட்டர் பீப் அடிக்கும், அந்த டிகிரியைக் குறிச்சுக்குங்க. அடுப்பை அணைச்சு ஆற விட்டா எதுல விடுதுன்னும் தெரிஞ்சிடும். 100க்கு மேல வேலை செய்யுற ஸ்விட்ச்சை மட்டும் இப்படிப் பாக்க முடியாது, தண்ணி அதுக்கு மேல சூடாகாதே.

ரெண்டாவது, கையால போடுற ஸ்விட்ச். மலை ஏற்றம் வர்றதுக்கு முன்னாடியோ ட்ராஃபிக் தெரியும்போதோ நீங்களே ஃபேனைப் போட்டுக்கலாம். இதுல நிறைய பேர் ஃபேனோட வயரை நேரா டாஷ்போர்டு ஸ்விட்ச்சுக்குக் கொண்டு வந்துடுறாங்க. சின்ன கார் ஃபேனே 10, 15 ஆம்ப் எடுக்கும், ஓட ஆரம்பிக்கிற அந்த நொடியில அதைப் போல ரெண்டு மூணு மடங்கு. டாஷ்போர்டு ஸ்விட்ச் உருகும், வயர் உருகும், வண்டியே எரியலாம். ரிலே வெச்சுத்தான் பண்ணணும்: 40 ஆம்ப் ரிலேல 30ங்கிற பின்னுக்கு பேட்டரிலேர்ந்து ஃப்யூஸ் வழியா வரணும், 87லேர்ந்து ஃபேனுக்குப் போகணும், 86க்குச் சாவி போட்டா மட்டும் வர்ற கரண்ட், 85லேர்ந்து நம்ம ஸ்விட்ச் வழியா பாடி எர்த். அப்ப டாஷ்போர்டு ஸ்விட்ச்சுல போறது ரிலே காயிலுக்கான துளி கரண்ட் மட்டும்தான். ஃபேனுக்குப் போற வயர் 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலேயே இருக்கணும். கம்பெனி ஸ்விட்ச்சையும் அது போடுற ரிலேயையும் அப்படியே விட்டுடுங்க, நீங்க மறந்தாலும் அது தன் டிகிரியில ஓட்டும்.

கை வேலையில ஆர்வம் இருக்கிறவங்களுக்கு மூணாவது ஒரு வழி இருக்கு. டபிள்யூ1209ன்னு ஒரு சின்ன 12 வோல்ட் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போர்டு ஆன்லைன்ல கிடைக்குது, அதுக்குன்னே ஒரு சென்சார் வயரும் வரும், 110 டிகிரி வரைக்கும் பாக்கும், ஓடுற டிகிரி, இடைவெளி ரெண்டையும் பட்டன்லயே செட் பண்ணலாம். அதை நேரா ஃபேனுக்குக் கொடுக்காதீங்க, அதுல இருக்கிற குட்டி ரிலே தாங்காது, அது போய் மேல சொன்ன பெரிய ரிலேயைப் போடணும். போர்டை இன்ஜின் பக்கத்துல வைக்க வேண்டாம், சூட்டுக்கும் ஈரத்துக்கும் செஞ்சது இல்ல அது, உள்ள டாஷ்போர்டு கீழ வெச்சு சென்சார் வயரை மட்டும் நீட்டுங்க. சென்சாரை மேல் ஹோஸ் வெளிப்பக்கம் கட்டினா உள்ள இருக்கிற சூட்டை விடக் கம்மியாத்தான் காட்டும், அதனால முதல்ல ஓ.பி.டி. ரீடிங்கோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் செட் பண்ணுங்க.

இப்ப பண்ணவே கூடாத ஒண்ணு. இ.சி.யு. வண்டிகள்ல சென்சார் வயர்ல ஒரு ரெசிஸ்டரைச் சேத்து விட்டா இ.சி.யு. ஏமாந்து ஃபேனைச் சீக்கிரம் போடும்னு ஒரு வழி சுத்திக்கிட்டு இருக்கு. ஃபேன் சீக்கிரம் ஓடும், உண்மைதான். ஆனா என்ன நடக்குதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஜப்பான் கார்கள்ல பரவலா வர்ற ஒரு சென்சார் 20 டிகிரியில சுமார் 2,450 ஓம், 80ல சுமார் 320 ஓம் காட்டும், சூடு ஏற ஏற ஓம் இறங்கும். 88 டிகிரியை 95னு காட்டணும்னா இணையா 1,200 ஓம் போடணும், அதுவரைக்கும் சரி. அதே ரெசிஸ்டர் காலையில இன்ஜின் 20 டிகிரியில ஜில்லுன்னு இருக்கும்போது என்ன பண்ணும்? 2,450ம் 1,200ம் சேந்தா 800 ஓம் சொச்சம், இ.சி.யு.வுக்கு அது 50 டிகிரி. ஆறிப் போன இன்ஜினைப் பாதி சூடான இன்ஜின்னு நினைச்சு பெட்ரோலைக் குறைச்சுக் கொடுக்கும், காலையில ஸ்டார்ட் ஆகத் திணறும், ஐடில் ஆடும். மேல் பக்கம் 7 டிகிரி பொய் சொல்லப் போய்க் கீழ்ப் பக்கம் 30 டிகிரி பொய் ஆயிடுது. அந்த சென்சார் ஃபேனுக்கு மட்டும் இல்ல, பெட்ரோல், இக்னிஷன், ஐடில் எல்லாத்துக்கும் அதுதான் கண்ணு. இ.சி.யு. வண்டியில டிகிரியை மாத்தணும்னா ரீமேப் பண்றவங்ககிட்ட, அதாவது இ.சி.யு. புரோகிராமை மாத்துறவங்ககிட்ட, ஃபேன் டிகிரியை மட்டும் மாத்தச் சொல்லலாம், இல்ல தனி ரிலே வெச்சுப் பண்ணலாம், சென்சாரைத் தொடாதீங்க. வாரண்டி இருக்கிற வண்டியில எதையுமே தொடாதீங்க.

டைரக்ட் பண்றதைப் பத்தியும் சொல்லிடறேன். தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா ஃபேன் எப்பவும் ஓடுறதால இன்ஜின் கெட்டுப் போகாது, வழியில மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து சேர அது நல்ல உதவிதான். தனி ஸ்விட்ச்சும் ரெண்டு வயரும் இருக்கிற பழைய வண்டின்னா ஸ்விட்ச் கனெக்டரைக் கழட்டி அந்த ரெண்டு வயரையும் இணைச்சா ஃபேன் ஓடணும், ஸ்விட்ச் கெட்டதா மோட்டார் கெட்டதான்னும் அதுலயே தெரிஞ்சிடும். இ.சி.யு. வண்டியில சென்சார் கனெக்டரைக் கழட்டி விட்டாலே பல கார்கள்ல இ.சி.யு. பாதுகாப்புக்கு ஃபேனை ஓட விட்டுடும், அங்க வயரை இணைக்கக் கூடாது. ஆனா இதை நிரந்தரமா வெச்சா மோட்டார் பிரஷ் வருஷம் பூரா தேவையே இல்லாம தேயும், ஆல்டர்னேட்டருக்கும் சும்மா சுமை. அதை விடப் பெரிய நஷ்டம், அடியில இருக்கிற கோளாறு தெரியாமலே வளரும், அது வெளிய வர்றப்ப ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) போனதோடதான் வரும்.

மாத்தி முடிச்சதும் திரும்ப ஓ.பி.டி. ரீடிங்கைப் பாருங்க. ட்ராஃபிக்ல ஃபேன் ஓடி, சூடு இறங்கி, ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னு, திரும்ப ஏறி ஓடணும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா டிகிரியை ரொம்பக் கீழ வெச்சிருக்கீங்க, ரெண்டு டிகிரி ஏத்துங்க. ஏத்தியும் நிக்கலேன்னா ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கலாம், உப்புத் தண்ணி ஊத்தி ஓட்டின வண்டிகள்ல இது சகஜம், அதுக்கு ரேடியேட்டர் கடைதான் போகணும்.